இன்னும் பச்சைதான்

ரயில் நிலையத்தின் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்த காலம் முழுவதும் எனக்கு இலையுதிர் காலம் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்: தண்டவாளத்தில் இலை விழுந்து கிடக்கிறது, சக்கரம் வழுக்கும், ரயில் பிந்தும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களிடம் இதைச் சொன்னால், நானே ஏணி வைத்து ஏறி இலைகளைப் பிடுங்கிப் போட்டவன் போல என்னைப் பார்ப்பார்கள். வந்த புதிதில் எனக்கே அது நம்பமுடியாத கதையாக இருந்தது. இவ்வளவு பெரிய ரயில் ஈரச் சருகுக்குப் பயப்படுமா? பிறகு பழகிவிட்டது. ஆனால் ஒக்டோபர் வந்துவிட்டால் தெருவோர மரங்களைக் கண்டாலே எரிச்சல் வரும். அவை நிறம் மாறுவதைப் பார்த்து ஆட்கள் ஏன் படம் எடுக்கிறார்கள் என்று விளங்கியதே இல்லை.

ஓய்வு பெற்ற கையோடு அந்த மரங்களைப் பார்ப்பதே எனக்கு வேலையாகிப் போனதற்கு என் மனைவிதான் காரணம்.

அவள் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளர். ஷிப்ட் முடிந்து வந்து சமைப்பாள். வீட்டில் சும்மா இருக்கும் நான் அவளுக்கு உதவியாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது, உப்புப் போட்டாச்சோ, மூடி போட்டால் கெதியாக அவியும் என்று பக்கத்தில் நின்று சொல்வேன். ஒருநாள் அவள் அகப்பையைச் சட்டியிலேயே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ, கவுண்டருக்குள்ளை இருந்து சனத்தைப் பாத்துப் பழகின கண். சும்மா இருக்காது எண்டு எனக்கு விளங்குது. ஆனால் என்ரை சட்டியைப் பாக்காதேங்கோ. வெளியிலை போய் வேறை ஏதாவது பாருங்கோ."

"என்னத்தைப் பாக்கிறது?"

"லைப்ரரியிலை நோட்டீஸ் ஒட்டிக் கிடக்கு. பார்க்கிலை மரம் பாக்கிறதுக்கு ஆக்கள் வேணுமாம்."

பகிடிக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன். மறுநாள் காலை என் தொலைபேசியில் முன்பின் தெரியாத ஒரு வாட்ஸ்அப் குழு என்னை வரவேற்றது. அவள் ஏற்கெனவே என் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

எங்கள் வீடு லண்டனில், வால்தம்ஸ்டோவில் இருக்கிறது. பூங்காவுக்கு நடந்தே போகலாம். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, தூறல் விழுந்துகொண்டிருக்க, குழுவினர் எல்லோரும் அங்கே கூடினோம். தலைவி ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை. பச்சை மழையங்கி போட்ட, உயரமான ஆங்கிலேயப் பெண்மணி. விதிகள் எளிமையானவை. ஆளுக்கு ஒரு மரம். குளிர்காலம் வரும்வரை வாரம் ஒருமுறையாவது அதைப் பார்த்து, எப்போது நிறம் மாறத் தொடங்குகிறது, எப்போது இலை கொட்டுகிறது, யார் யார் வந்து போகிறார்கள் என்று குழுவில் எழுத வேண்டும். யார் யார் என்று அவர் சொன்னது பறவைகளையும் பூச்சிகளையும்.

கூட்டத்தில் இன்னொரு தமிழர் இருந்தது எனக்குத் தெம்பாக இருந்தது. கோயம்புத்தூர் பக்கத்து இளைஞர். கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. கழுத்தில் பெரிய கமரா தொங்கியது.

"நான் அந்த மேப்பிள எடுத்துக்கிறேன் அங்கிள்," என்றார். "சிவப்பா மாறும். போட்டோவுக்கு செமயா இருக்கும்."

எனக்குப் படத்தைப் பற்றிக் கவலையில்லை. முழங்கால்தான் கவலை. ஆகவே நான் முதலில் தேடியது மரத்தை அல்ல, உட்கார ஒரு வாங்கிலை. தேநீர்க் கடைக்கு எதிரே, கழிவறைக்கும் தூரமில்லாமல், ஒரு வாங்கில் இருந்தது. அதற்கு மேலே குடைபோலக் கவிந்து ஒரு பெரிய மரம். எல்லோரும் நனைந்துகொண்டு நிற்க அந்த வாங்கில் மட்டும் காய்ந்திருந்தது. எவ்வளவு அடர்த்தியான இலை, எவ்வளவு ஆரோக்கியமான மரம் என்று வியந்தபடி போய் உட்கார்ந்துகொண்டு, இதுதான் என் மரம் என்று அறிவித்தேன்.

ஆசிரியை என்னையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதையா? நிச்சயமாகவா?"

"நிச்சயமாக. இது என்ன மரம்?"

"ஹோம் ஓக்," என்றார். அவர் உதட்டோரம் துடித்தது. "துணிச்சலான தேர்வு."

வீட்டுக்குப் பக்கத்தில் நிற்பதால் ஹோம் ஓக் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஓக் மரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இலையுதிர் காலத்துக்குப் பேர்போன மரம். துணிச்சல் என்று ஏன் சொன்னார் என்பதுதான் விளங்கவில்லை. என் முழங்காலை நினைத்துச் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

முதல் வாரம் போய்ப் பார்த்தேன். மரம் பச்சையாக இருந்தது. "மாற்றம் இல்லை," என்று குழுவில் எழுதினேன். இரண்டாம் வாரமும் அப்படியே. "இன்னும் பச்சைதான்."

மற்றவர்களின் மரங்கள் சுறுசுறுப்பாக இருந்தன. குதிரைச் செஸ்ட்நட் மரம் ஓரத்திலிருந்து தீய்ந்த அப்பளம் போலப் பழுப்பாகி, பளபளக்கும் கொட்டைகளைப் புல்லில் போட்டுக்கொண்டிருந்தது. கின்கோ மரத்துக்காரி தன் மரத்தின் முதல் மஞ்சள் இலையைக் குழந்தையின் முதல் பல்லைக் காட்டுவது போலப் படமெடுத்து அனுப்பினாள். மேப்பிள் தம்பி தினமும் காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம் போட்டார். அந்த மரம் நுனியில் தீப்பிடித்து, தீ கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் பூப்போட்டுப் பாராட்டினார்கள்.

என் செய்திகளுக்கு வேறு விதமான பதில் வந்தது. "காத்திருக்கிறேன்," என்று நான் எழுத, கண்ணீர் வடிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்தன. குழுவில் இருந்த அத்தனை பேரும் கண்ணீர் விட்டார்கள். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. மனைவியிடம் காட்டினேன்.

"பாரும். என்ரை மரம் பிந்துது எண்டு சனம் அழுகுது."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "வாய் சிரிக்குது. கண்தான் அழுகுது."

"இங்கிலீஷ்காரர் அப்பிடித்தான். கவலையிலையும் வாயைச் சிரிச்ச மாதிரி வைச்சிருப்பினம். கவுண்டரிலை எத்தினை பேரைப் பாத்திருக்கிறன்."

அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. அவளுடைய முதியோர் இல்லத்திலும் ஆட்கள் அப்படித்தானாம்.

ஒக்டோபர் பாதியில் எனக்கு உண்மையாகவே கவலை வந்துவிட்டது. வாரம் ஒருமுறை போனவன் ஒருநாள் விட்டு ஒருநாள் போகத் தொடங்கினேன். தேநீரை வாங்கிக்கொண்டு வாங்கிலில் இருந்து அண்ணாந்து பார்ப்பேன். கழுத்து நோகும். ஒருநாள் ஒரு கிளையில் பழுப்பாக ஏதோ தெரிந்தது. வாங்கிலின் மேல் ஏறி நின்று பார்த்தேன். ஒரு தடித்த சிலந்தி தன் வலையின் நடுவில் கால் நீட்டிக்கொண்டு இருந்தது. "பழுப்பு நிறம் ஒன்று தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன், சிலந்தி," என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். அன்றைக்குக் கண்ணீர் வெள்ளமாகவே ஓடியது.

ஆனால் மரம் ஒன்றும் செய்யாமல் நின்றதால், அதைச் சுற்றி நடப்பதை எல்லாம் பார்க்க எனக்கு நிறைய நேரம் கிடைத்தது. மற்றவர்கள் நிறத்தைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் உட்கார்ந்திருப்பேன். என் மரத்திலிருந்து சின்னச் சின்னக் கொட்டைகள் விழுந்தன. அவற்றைப் பொறுக்க ஒரு சாம்பல் அணில் வரும். ஒரு கொட்டையைக் கவ்வும், ஓடும், தோண்டும், புதைக்கும், மேலே சருகைப் போட்டு இரண்டு கையாலும் தட்டும். இத்தனைக்கும் நடுவில் ஒரு மாக்பை பறவை அதை வேவு பார்த்துக்கொண்டே நிற்கும். பறவை பார்க்கிறது என்று அணிலுக்குத் தெரிந்துவிட்டால் அது வேறொரு வேலை செய்யும். குழி தோண்டி, கொட்டையைப் போடுவது போலக் கையை ஆட்டி, வெறுங்குழியை மூடித் தட்டிவிட்டு, கொட்டையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு நழுவும். மாக்பை பறந்துவந்து அந்த வெறுங்குழியைக் கொத்திக் கொத்திப் பார்க்கும்.

டிக்கெட் இல்லாமல் வந்து, இல்லாத டிக்கெட்டை எல்லாப் பொக்கற்றிலும் தேடிக்காட்டும் பயணிகளை நான் வருடக்கணக்காகப் பார்த்தவன். அந்த அணிலை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

ஒருநாள் என்னிடம் இருந்த வறுத்த கச்சான் கடலைப் பையை வாங்கிலில் வைத்துவிட்டுத் தேநீர் வாங்கப் போனேன். திரும்பி வரும்போது பையைக் காணவில்லை. சற்றுத் தள்ளி ரோஜாப் பாத்தியில் அணில் மும்முரமாக இருந்தது. நான் கிட்டப் போனதும் அது என்னை ஒருமுறை பார்த்தது. பிறகு எனக்கு முன்னாலேயே ஒரு குழி தோண்டி, வெறுமனே தட்டி மூடிவிட்டு ஓடியது. நான் குனிந்து அந்தக் குழியைத் தோண்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நிமிர்ந்தபோது நாயோடு வந்த ஒரு கிழவர் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்றார்.

"கச்சான்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

பச்சைக் கிளிகளும் வந்தன. லண்டனில் கிளி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு சத்தம் போடும் என்று தெரியாது. மற்ற மரங்கள் ஒவ்வொன்றாக மெலிந்து கம்பாகிக்கொண்டு வர, அவை எல்லாம் என் மரத்துக்குக் குடிவந்தன. பச்சை இலைக்குள் பச்சைக் கிளி, கண்ணுக்குத் தெரியாது. மரமே கத்துவது போல இருக்கும். நீலச் சிறகு மின்னும் ஒரு பறவையும் வரும். அதன் பெயர் ஜே என்று ஆசிரியை சொல்லித் தந்தார். அணிலின் கதையையும் கிளிகளின் கதையையும் நான் எழுத எழுத, குழுவில் ஒவ்வொரு செய்திக்கும் பதில் குவிந்தது. ஒவ்வொன்றின் கடைசியிலும் நான் தவறாமல் எழுதுவேன்: "மரத்தில் மாற்றம் இல்லை."

மேப்பிள் தம்பி ஒருநாள் தேநீர்க் கடை வாசலில் என்னைப் பிடித்தார்.

"அங்கிள், உங்க டைமிங் வேற லெவல். எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ஃபார்வர்ட் பண்ணிட்டேன்."

"டைமிங்கோ? மரத்தின்ரை டைமிங்தான் சரியில்லை, தம்பி."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முகத்த எப்படி அங்கிள் இப்படி வச்சுக்கிறீங்க?"

என் முகத்துக்கு என்ன என்று வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். வழக்கமான முகந்தான்.

நவம்பர் கடைசியில் நிறைவுக் கூட்டம் வைத்தார்கள். பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு சின்ன மண்டபம். ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் மரத்தைப் பற்றிப் பேசவேண்டும். மனைவி விடுப்பெடுத்து, பற்றிஸ் பலகாரம் சுட்டு, நல்ல சேலை உடுத்திக்கொண்டு என்னோடு வந்தாள். நான் பேச்சை ஆங்கிலத்தில் தயார் செய்து குளியலறையில் சொல்லிப் பார்த்திருந்தேன். கொஞ்சம் சோகமான பேச்சுத்தான். எல்லோருடைய மரமும் கடமையை முடித்துவிட்டது, என்னுடையது மட்டும் பிந்தி நிற்கிறது, ஆனாலும் அதைக் கைவிடக்கூடாது என்பதுதான் சாரம்.

செஸ்ட்நட், கின்கோ, மேப்பிள் எல்லாம் முடிந்தன. ஆசிரியை என்னை அழைக்க எழுந்தார்.

"அடுத்தவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும்," என்றார். "என்னுடைய இத்தனை வருட அனுபவத்தில், இலையுதிர் காலத்தைக் கவனிக்க ஓர் எவர்கிரீன் மரத்தைத் தெரிவு செய்தவர் இவர் ஒருவர்தான். வருடம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும் மரத்தின் கீழே இருந்து, அது நிறம் மாறக் காத்திருப்பதாக வாரா வாரம் எழுதினார். ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை."

மண்டபம் கைதட்டியது. எவர்கிரீன் என்ற சொல்லை நான் பழைய சினிமாப் பாட்டுகளுக்குத்தான் கேள்விப்பட்டிருந்தேன். மரத்துக்கும் அது உண்டு என்பது, கதிரையிலிருந்து எழுந்து முன்னுக்குப் போகும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் எனக்கு உறைத்தது. காது இரண்டும் சுட்டன. ஆசிரியையின் உதடு துடித்தது, துணிச்சல் என்றது, கண்ணீர் விட்ட முகங்கள், தம்பியின் டைமிங், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மண்டையில் குட்டின.

முன்னால் போய் நின்றேன். என்னிடம் வேறு பேச்சு இல்லை. தயார் செய்ததையே பேசத் தொடங்கினேன்.

"எல்லோருடைய மரமும் முடித்துவிட்டது. என்னுடையது இன்னும் தொடங்கவில்லை."

மண்டபம் வெடித்தது.

"ஆனால் நான் நம்பிக்கை இழக்கவில்லை. சிலருக்குக் கொஞ்சம் கூட நேரம் தேவைப்படும்."

கின்கோ மரத்துக்காரி மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். நான் குரல் நடுங்க, அந்தச் சோகமான பேச்சை ஒரு சொல்லும் விடாமல் சொல்லி முடித்தேன். நடுக்கத்தையும் அவர்கள் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்த மண்டபத்தில் சிரிக்காமல் இருந்தது இரண்டே பேர். ஒன்று நான். மற்றது கடைசி வரிசையில் பற்றிஸ் தட்டோடு இருந்த என் மனைவி. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் எப்போது நடிக்கும், எப்போது நடிக்காது என்று அவளுக்குத் தெரியும்.

பஸ்ஸில் ஏறி, மேல்தட்டில் போய் உட்கார்ந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியாது, என்ன?" என்றாள்.

"என்ன தெரியாது?"

"அது உதிராத மரம் எண்டு."

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள். முதலில் சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பிறகு அதுவும் போதவில்லை. முன்சீட்டில் இருந்த பெண் திரும்பி, அவளுக்கு உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று என்னிடம் கேட்டாள். இல்லை, மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்றேன். அதைக் கேட்டு இன்னும் மோசமாகியது. அவள் இப்படிச் சிரித்து எத்தனை காலம் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகத்துக்கு வரவில்லை. கோபத்தை வைத்திருக்கத்தான் முயன்றேன். ஆனால் எங்கள் தரிப்பிடம் வருவதற்கு முன் எனக்கும் வந்துவிட்டது.

என்றாலும் வெட்கம் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் குழுவிலிருந்து விலகப் போவதாகச் சொன்னேன்.

"விலகினால், தெரியாமல் பாத்தவர் எண்டு எல்லாருக்கும் விளங்கிப் போகும்," என்றாள் மனைவி. "இருந்தால் பகிடிக்காரர். எது நல்லது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

நான் இருந்தேன்.

குளிர்காலத்தில் மற்ற மரங்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. மேப்பிள் தம்பி கமராவை உறையில் போட்டுவிட்டார். நான் மட்டும் போய்வந்தேன். இப்போது மரத்தைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை என்பதால் நிம்மதியாக இருந்தது. உறைபனி விழுந்த காலைகளில் பூங்கா முழுவதும் கம்புகளாக நிற்க, என் மரத்துக்குள் மட்டும் சந்தை போலச் சத்தம். குழுவில் வழக்கம்போல எழுதினேன். இப்போது தெரிந்துகொண்டே எழுதுவதால் வசனம் சரியாக வரவில்லை. பழைய அளவுக்குக் கண்ணீரும் வரவில்லை. தெரியாமல் இருந்தபோதுதான் நான் நல்ல பகிடிக்காரன்.

மே மாதம் பிறந்தது. எல்லா மரமும் புது இலை விட்டு, பூங்கா பச்சைப் பசேலென்று இருந்தது. ஒரு மதியம் நான் தேநீரோடு வந்து உட்கார்ந்தபோது வாங்கில் முழுக்கச் சருகு. காற்றில் எங்கிருந்தோ வந்தது என்று தட்டிவிட்டு இருந்தேன். தோளில் ஒன்று விழுந்தது. தேநீருக்குள் ஒன்று விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். கிளைகளின் நுனியில் வெள்ளி பூசியதுபோலப் புதுத் தளிர்கள். அவற்றுக்குக் கீழே பழைய இலைகள் மஞ்சளாகி, பழுப்பாகி, சரசரவென்று கொட்டிக்கொண்டிருந்தன. ஊரெல்லாம் துளிர்க்கும்போது என் மரம் உதிர்த்துக்கொண்டிருந்தது.

தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் குழுவில் எழுதினேன்: "தொடங்கிவிட்டது."

ஆசிரியையே தொலைபேசியில் அழைத்தார். ஹோம் ஓக் அப்படித்தான், எவர்கிரீன் என்றாலும் பழைய இலையை வசந்தம் முடிகிற நேரத்தில் கொட்டும் என்றார். அதை எழுத நான் இவ்வளவு காலம் பொறுத்திருந்தது அபாரம் என்றார். நன்றி என்றேன்.

பிறகு மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சரும், கொட்டுது."

"என்ன, தலைமயிரோ?"

"மரம்."

"நில்லுங்கோ, வாறன்," என்றாள்.

முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பைகளோடு அவள் நேரே பூங்காவுக்கு வந்து சேர்ந்தாள். பைகளைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இலைகள் அவள் மடியிலும் பைகளிலும் விழுந்தன. அவள் தட்டிவிடவில்லை. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் பாதைக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு மரத்தைக் காட்டினாள்.

"அது என்ன மரம்?"

"தெரியாது. ஆசிரியையிட்டைக் கேட்டுச் சொல்லுறன்."

"கேக்காதேங்கோ," என்றாள். "சும்மா இருந்து பாப்பம்."